தலைமாட்டில் முடியும் தடம்

புக்கிட் ரம்பாய்
18 பிப்ரவரி 2024

தங்கை செலஸ்டினுக்கு அண்ணன் மிக்கேல்ராஜ் எழுதுவது.

நான் முழங்கால் அறுவைக்காக ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நீ என் வீட்டுக்கு வந்தாய். என் அறைக்குள் நுழைந்து, என் மகன் எட்வின் கையில் ரம்பத்தைக் கொடுத்து, என் ரயில் பலகையில் நாலடியை அறுக்க வைத்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதுதான் நீ செய்த தவறு. சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டடி நீளம், இரண்டடி அகலம், பதினொரு வருட வேலை. மலாக்கா டவுனுக்கு ஒரு காலத்தில் ரயில் வந்தது. நான் பிறப்பதற்கு முன்பே, ஜப்பான்காரன் காலத்தில், தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பெயர்க்காமல் விட்டிருந்தால் அந்த ஸ்டேஷனில் வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் யார்டு இன்றைக்கு எப்படி இருக்கும்? அதைத்தான் சின்ன அளவில் கட்டினேன். ஆறு தடம், தடத்துக்கு ஆறு வேகன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் வாங்கிய ஆங்கிலப் பத்திரிகைகளையும் ஒரு அகராதியையும் வைத்து நானே படித்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஜன்னல் வெயில் பலகை மேல் சாயும்போது தண்டவாளங்கள் மழையில் நனைந்தவை போல் மின்னும். ரப்பர் ஆலை மெஷின்கள் முப்பது வருடத்தில் என் காதைத் தின்றுவிட்டன. ஆனாலும் வேகனும் வேகனும் கொக்கி மாட்டிக்கொள்ளும் சத்தம் அந்த நேரத்தில் எனக்குக் கேட்கும். அந்த ஸ்டேஷனில் அப்போது ஒரு வண்டி புறப்படத் தயாராக இருக்கும். அதை நீ அறுத்தாய்.

எட்வினைக் கேட்டேன். "அத்தைதான் சொன்னாங்க பா, அவங்களையே கேளுங்க லா" என்றான். மருமகள் ஜோனிட்டா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

2003-ல் உன் கணவர் இறந்தபோது, இந்த அறையை எடுத்துக்கொள், இங்கேயே வந்துவிடு என்று உன்னைக் கூப்பிட்டேன். "அண்ணன் வீட்டுல ஒரு மூலைகூட எனக்கு வேணாம்" என்றாய். அன்றைக்கே அதைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். மூலை வேண்டாம் என்றவளுக்கு நாலடி எதற்கு?

பதில் தபாலில் வரட்டும். போன் எனக்குக் கேட்காது. "வாட்ஸ்அப்ல போட்டா ஒரு செகண்ட், தாத்தா. மஸ்ஜித் தானா அரை மணி நேரம்தான். அதுக்கு நாலு நாள் தபாலா?" என்கிறாள் பேத்தி மிஷேல். கையெழுத்து இல்லாத பேச்சு எனக்கு வேண்டாம்.

உன் சுகத்தைப் பற்றி எழுது.

மிக்கேல்ராஜ்
நகல்: கோப்புக்கு


மஸ்ஜித் தானா
1 மார்ச் 2024

அன்புள்ள அண்ணே,

முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். நீங்கள் அவருக்கும் மறுத்துப் பேசினீர்களாம். நான் சுகம்.

பலகையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த முனையில் கரையான் இருந்தது. பரவுவதற்குள் அறுக்கச் சொன்னேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்ததால் கேட்கவில்லை. தவறுதான்.

நோன்புப் பெருநாள் தையல் குவிந்து கிடக்கிறது. மேல்சட்டையும் பாவாடையுமாகப் பதினேழு பாஜு கூரோங். ஒரு மலாய்க்கார அம்மா துணியைக் கொடுத்துவிட்டு, மூன்று மகள்களுக்கும் இதிலேயே வெட்டு என்கிறார். இரண்டு பேருக்குத்தான் காணும். எப்படியாவது மூன்றாக்கிவிடுவேன்.

எட்வின் மேல் கோபப்படாதீர்கள். வேண்டாம் அத்தை என்று இரண்டு தடவை ரம்பத்தைக் கீழே வைத்தான்.

அன்புடன்
செலஸ்டின்


புக்கிட் ரம்பாய்
6 மார்ச் 2024

செலஸ்டினுக்கு,

நடக்கிறேன். நல்ல கால் எது என்று டாக்டருக்கு முன்பே எனக்குத் தெரியும்.

அறுத்த நாலடி வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. எடுத்து வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கரையான் இல்லை, கரையான் இருந்த அடையாளமும் இல்லை. தேக்கில் கரையான் வைக்கப் பார்க்கிறாய்.

நீ செய்ததன் கணக்கைச் சொல்கிறேன், கேள். ஒரு தடம் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு பாயிண்ட் என்று பெயர். ஆறு தடத்துக்கு ஐந்து பாயிண்ட். ஒன்றன்பின் ஒன்றாக ஏணிபோல் வைத்தால் நாற்பது அங்குலம் தின்னும். இன்ஜின், வேகன்களை இழுத்துக்கொண்டு பின்வாங்கி நிற்க ஒரு நீளத் தடம் வேண்டும். இன்ஜின் எட்டு அங்குலம், ஆறு வேகன் முப்பது, ஆக முப்பத்தெட்டு. பக்கத்து வேகன் உரசாமல் இருக்க ஐந்து அங்குலம் சும்மா விடவேண்டும். எட்டடிக்குத் தொண்ணூற்றாறு அங்குலம். கழித்துப் பார். பதின்மூன்று மிஞ்சும். அதில் இரண்டு வேகன் நிற்கும்.

ஆறு நின்ற இடத்தில் இரண்டு. ஒரு ஸ்டேஷனையே பெட்டிக்கடை ஆக்கிவிட்டாய்.

உண்மையான காரணத்தை எழுது. உடம்பு சுகம்தானே?

மிக்கேல்ராஜ்
நகல்: கோப்புக்கு


மஸ்ஜித் தானா
26 மார்ச் 2024

அன்புள்ள அண்ணே,

கரையான் இல்லை. அந்த அறைக்குக் கொஞ்சம் காற்று வரட்டும், ஒரு ஆள் கால் நீட்ட இடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். உங்களிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

உங்கள் கணக்கை நாலு தடவை படித்தேன். மூன்று மகள்களின் துணி போலத்தான் இருக்கிறது. துணி போதவில்லை என்றால் நாங்கள் துணியைத் திட்டுவதில்லை. வெட்டும் துண்டுகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்போம். அந்த பாயிண்டை ஒரு தாளில் வைத்து, சுற்றி வரைந்து, அளவு போட்டு அனுப்புங்கள். அறையின் நாலு சுவர் அளவும் வேண்டும். கதவு எங்கே, ஜன்னல் எங்கே, எல்லாம்.

கொஞ்ச நாள் கடை மூடியிருக்கும். பதில் தாமதமானால் கோபிக்க வேண்டாம். பக்கத்துக் கடை மீனம்மா தபாலை எடுத்து வைப்பார். மூன்றாவது மகளுக்கும் பாவாடை வந்துவிட்டது. கைக்குத்தான் ஒட்டுப் போட வேண்டியிருந்தது, வெளியே தெரியாது.

உங்கள் செலஸ்டின்


புக்கிட் ரம்பாய்
1 ஏப்ரல் 2024

செலஸ்டினுக்கு,

உன் ஆறுதலுக்காக இல்லை, உன்னால் முடியாது என்று காட்டுவதற்காக அனுப்புகிறேன். பாயிண்டின் வரைபடம் இதோடு இருக்கிறது. அறை பன்னிரண்டுக்கு ஒன்பது. பலகை நீளச் சுவரில். கதவு எதிர்ச்சுவரில். ஜன்னல் குட்டைச் சுவரில், அதன் கீழே என் இரும்பு அலமாரி. மற்ற குட்டைச் சுவர்ப் பக்கம்தான் நீ அறுத்த வெற்றிடம்.

ஒரு விதியைத் தெரிந்துகொள். ஆறு தடத்தில் ஒன்று எப்போதும் காலியாக இருக்க வேண்டும். எல்லாம் நிரம்பிவிட்டால் எந்த வேகனையும் எங்கேயும் நகர்த்த முடியாது. யார்டு செத்துவிடும். இது ஆங்கிலப் பத்திரிகையில் இல்லை, நானே கண்டுபிடித்தது.

கடையை ஏன் மூடுகிறாய்? பெருநாள் நெருங்கும்போது எந்தத் தையல்காரி கடை மூடுவாள்?

நான் சுகம்.

மிக்கேல்ராஜ்
நகல்: கோப்புக்கு


புக்கிட் ரம்பாய்
6 மே 2024

செலஸ்டினுக்கு,

முப்பத்தைந்து நாள் ஆகிவிட்டது. பெருநாள் போய் மாதம் ஒன்று ஆகப்போகிறது. எட்வினைக் கேட்டால் "அத்தை பிஸி பா" என்கிறான். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்காமல் பேசினால் எனக்குப் புரியாது என்று அவனுக்குத் தெரியும்.

எட்டடிப் பலகைக்கு முன்னால்தான் சாயங்காலம் உட்காருகிறேன். நாலு மணி வெயில் வருகிறது. ரயில் புறப்பட நிற்கிறது. அறுத்த இடத்தில் தண்டவாளங்கள் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நேற்று அங்கே ஒரு தும்பி வந்து உட்கார்ந்தது. அதற்கு அப்பால் இன்னும் தடம் இருப்பது போலவும், வண்டி அதில் மெதுவாக இறங்கிப் போவது போலவும் தோன்றியது. கண்ணைத் துடைத்துப் பார்த்தால் தரைதான்.

சண்டை போடுவதற்காவது எழுது.

மிக்கேல்ராஜ்
நகல்: கோப்புக்கு


மஸ்ஜித் தானா
15 மே 2024

அன்புள்ள அண்ணே,

இரண்டு கடிதத்தையும் மீனம்மா பத்திரமாக வைத்திருந்தார். இதையும் அவர்தான் தபாலில் போடுகிறார். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். நான் சுகம்.

தாளில் ஐந்து பாயிண்ட் வெட்டி உறைக்குள் வைத்திருக்கிறேன். எண் போட்டிருக்கிறேன். நீங்கள் ஒவ்வொன்றையும் நேராகப் போகும் தடத்தில் அடுத்ததோடு சேர்க்கிறீர்கள். அதனால் ஏணி நீண்டுகொண்டே போகிறது. பிரிகிற தடத்தில் சேர்த்துப் பாருங்கள். ஒன்றின் மூக்கு இன்னொன்றின் இடுக்கில் போய் உட்காரும். ரவிக்கையில் கைக்குழி வளைகிற மாதிரி ஏணி வளையும். ஐந்தும் சேரும்போது மூலை திரும்பிவிடும். அப்புறம் தடங்கள் ஜன்னல் சுவரோடு போகலாம். அங்கே ஒன்பதடி சும்மா கிடக்கிறது.

ஒரு கனவு வந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். மஸ்ஜித் தானாவுக்கே உங்கள் ரயில் வந்தது. கடல் வற்றியிருந்தது. மணலில் ஆறு தடம் கிடந்தது. வேகன் எல்லாவற்றிலும் வெட்டின சட்டைக் கைகள், ஜோடி ஜோடியாக. நீங்கள் பச்சைக் கொடியோடு நின்றீர்கள். நான் மெதுவாகத்தான் கூப்பிட்டேன். உடனே திரும்பிப் பார்த்தீர்கள். கனவில் உங்களுக்குக் காது கேட்டது.

செலஸ்டின்


புக்கிட் ரம்பாய்
22 மே 2024

செலஸ்டினுக்கு,

சேர்த்துப் பார்த்தேன். திரும்புகிறது.

இரண்டு நாளாக அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். பென்சிலால் தடம் போட்டு வேகன்களை வைத்துப் பார்த்தேன். தடத்துக்கு ஆறு நிற்கிறது, முன்பைவிடத் தாராளமாக. பதினொரு வருடம் படித்த எனக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியிருக்கிறது. இதை எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன். ஐந்தையும் ஒரே தாளில் வெட்டியிருக்கிறாய், சுண்டுவிரல் அகலம்கூட வீணாகவில்லை. ஆனால் ஓரமெல்லாம் அலைஅலையாக இருக்கிறது. உன் கத்தரி ஒரு நாளும் இப்படிப் போனதில்லையே.

இனி தடங்கல். ஜன்னலுக்குக் கீழே இரும்பு அலமாரி. அதை நகர்த்த மாட்டேன். அதில் இருபத்தொரு வருடக் கோப்புகள் இருக்கின்றன. தெரு விளக்குக்கு எழுதிய பதினாலு மனு, கோயிலில் என் மனைவி பெயர் போட்ட பெஞ்சைக் கடைசி வரிசைக்குத் தள்ளியது, அடுத்த வீட்டு ரம்புத்தான் மரம், எல்லாம். முதல் கோப்பு உன்னுடையது. 2003-ல் நீ சொன்னது அதில்தான் இருக்கிறது. நியாயம் கிடைக்காத காகிதத்தை நான் வெளியே போட முடியாது.

கனவைப் பற்றி. அந்த யார்டில் பின்வாங்கும் தடம் இருந்ததா? எவ்வளவு நீளம்? எங்கே முடிந்தது? அது இல்லாவிட்டால் ஆறு தடத்தாலும் பிரயோஜனம் இல்லை. கொடியோடு நின்றால் நான் ரயிலோடு போகும் கார்டு. கார்டுக்கு யார்டில் வேலை இல்லை, அதையும் கவனி.

நீ சாய்ந்துகொண்டு எழுத வேண்டிய காரணம் என்ன?

மிக்கேல்ராஜ்
நகல்: கோப்புக்கு


மஸ்ஜித் தானா
29 மே 2024

அன்புள்ள அண்ணே,

அலமாரியை நகர்த்த வேண்டாம். நானும் யோசித்துப் பார்த்தேன். நான் செய்தது தவறுதான். நாலடியைப் பழையபடி ஒட்டிக் கொடு என்று எட்வினிடம் சொல்லிவிட்டேன். அடியில் இரும்புப் பட்டை வைத்துத் திருகினால் உறுதியாக இருக்குமாம். உங்கள் ஸ்டேஷன் பன்னிரண்டடியாகவே இருக்கட்டும். அந்த இடம் இனி யாருக்கும் தேவைப்படாது. காலை பஸ் இருக்கிறது. எனக்குப் பஸ்ஸில் போய்ப் பழக்கம்தான்.

கனவில் பின்வாங்கும் தடம் இருந்தது. நீளமாகத்தான் இருந்தது. நான் படுத்திருந்த இடத்துக்கு வந்து, தலைமாட்டில் முடிந்தது. இன்ஜின் அதுவரைக்கும் வந்து, கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் போயிற்று. போகும்போதெல்லாம் மறுபடி வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் நன்றாகத் தூங்கினேன்.

முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கள்.

செலஸ்டின்


புக்கிட் ரம்பாய்
4 ஜூன் 2024

தங்கை செலஸ்டினுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. எட்வின் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவன் உன் எதிரில் நிற்கும்போதே படி.

நீ நாலடியை ஒட்டச் சொன்னாய் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. சொல்லிக்கொடுப்பாய், பிறகு வேண்டாம் என்பாய். உன் மாதிரிகளைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று பலகையிலிருந்து எடுத்துக் கவிழ்த்து, எண் வரிசையில் உறைக்குள் அடுக்கப் போனேன். பின்பக்கம் அச்சு இருந்தது. ஒரே தாளில் வெட்டியதால் ஐந்தையும் சேர்த்து வைத்ததும் எழுத்துகள் பொருந்தின. இரண்டாவது பாயிண்டில் உன் பெயரில் பாதி, மூன்றாவதில் மீதி. மலாயில் அச்சடித்திருந்தது. ரேடியோதெராபி, இருபத்தைந்து நாள், ஜூன் 10 முதல், காலை எட்டரை. தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு, தாளை வீணாக்குவானேன் என்று கத்தரித்திருக்கிறாய். உன் புத்தி எனக்குத் தெரியும்.

எட்வினிடம் தாளைக் காட்டினேன். என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். "சத்தியம் வாங்கிட்டாங்க பா. மாருல கட்டி. ஏப்ரல்ல எடுத்தாச்சு. நம்ம வீட்டுல தங்கிப் போகலாம்னுதான் கட்டிலுக்கு எடம் பண்ணச் சொன்னாங்க. அப்புறம் உங்ககிட்ட கேக்க வாய் வரல." ஒரு தடவைதான் சொன்னான். எனக்குக் கேட்டது.

உனக்கு ஆபரேஷன் நடந்த நாளில் நான் இங்கே வேகன் எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்குச் சொல்லாமல் விட்டது நீ செய்த இரண்டாவது தவறு. நாலடியை விடப் பெரியது. உன்னைக் கேட்கவிடாமல் இருபத்தொரு வருடம் ஒரு தாளைப் பூட்டி வைத்தது யார் செய்த தவறு என்று நான் எழுதப்போவதில்லை. உனக்கே தெரியும்.

ஆகவே செய்ய வேண்டியவை:

எட்வின்: நாலடியை ஒட்டக் கூடாது. அந்த இடத்தில் வெள்ளிக்கிழமைக்குள் கட்டில் போட வேண்டும், தலைமாடு நீளச் சுவரில். அறுத்த துண்டிலிருந்து நாலு அங்குல அகலத்தில் ஒரு பட்டை கிழித்து, பலகை முனையிலிருந்து கட்டிலின் தலைமாடு வரைக்கும் சுவரில் அடிக்க வேண்டும். படுத்திருப்பவள் வலது கையை உயர்த்தாமல் தொடும் உயரம். பின்வாங்கும் தடம் அதில் போகும். ஆறு வேகனுக்கு அது தேவையில்லை என்பான். எனக்கு எட்டு வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜோனிட்டா: எட்வினுக்குக் காலை ஷிப்ட் உள்ள நாளில் ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்ட வேண்டும். நான் ஏதாவது கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போகக் கூடாது.

மிஷேல்: மருந்து நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்ட வேண்டும். எனக்கு வாட்ஸ்அப் பழக்கித் தர வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் செய்திக்கு நாலு நாள் காத்திருக்க முடியாது.

மீனம்மா: நீ துணி மூட்டையோடு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து நாளுக்குத் தையல் இல்லை.

நான்: அலமாரியைக் காலி செய்து வெளியே போட வேண்டும். தெரு விளக்கு, பெஞ்சு, ரம்புத்தான் மூன்றும் இன்று காலை பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. பெஞ்சைக் கொடுக்கும்போது கொஞ்ச நேரம் ஆயிற்று. தினமும் நாலு மணிக்கு வண்டியை உன் தலைமாடு வரை கொண்டுவந்து, நிறுத்தி, திருப்பிக்கொண்டு போக வேண்டும்.

நீ: சனிக்கிழமை எட்வினோடு வர வேண்டும். கத்தரியை எடுத்துக்கொண்டு வா. ஜன்னல் பக்கம் ஏழாவது தடத்துக்கு இடம் இருக்கிறது, அதைக் காலியாகவே விடப்போகிறேன். அதற்கு ஒரு பாயிண்ட் வெட்ட வேண்டும். 2003-ல் நீ சொன்னதை எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. நல்ல தடித்த தாள். அதில் வெட்டு.

மிக்கேல்ராஜ்
நகல்: எடுக்கவில்லை. வைக்க அலமாரி இல்லை.